ஒரு குழிக்கு ஒரு விதை

காய்கறி நாற்று விடும் கறுப்பு பிளாஸ்டிக் குழித்தட்டைப் பார்த்திருப்பீர்கள். தட்டுக்கு 98 குழி. மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, மேலாகத் தடவி மட்டம் செய்து, ஒவ்வொரு குழியையும் விரல்நுனியால் லேசாக அழுத்தி, குழிக்கு ஒரு விதை போட்டு, மறுபடி நார்க்கழிவு தூவி மூட வேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் போர்த்திவைத்தால் சில நாளில் முளை கண்டுவிடும்.

இந்த வேலைக்கு எண்ணத் தெரிய வேண்டுமா? வேண்டாம். பத்து வரைகூட எண்ண வராத ஒருவர் 98 விதையையும் தப்பில்லாமல் போட்டுவிடலாம். விதை விழாத குழி கண்ணில் படும். எண்ணும் வேலையைத் தட்டே பார்த்துக்கொள்கிறது. செய்கிறவரின் மூளையில் இல்லாத ஒன்றைச் செய்யும் பொருளில் வைத்துவிட முடியும் என்பதுதான் இங்கே நடப்பது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியும் என்று நிரூபித்த ஆய்வுகளின் அடிப்படையும் இதுவே.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலம் போன்ற ஊரில் இந்த ஆய்வுகள் யாருக்குத் தேவைப்படுகின்றன? பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதுவரை வட்டார வள மையம் இருக்கிறது, சிறப்பாசிரியர் இருக்கிறார், வாரத்தில் சில நாளாவது வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் இருக்கிறது. பதினெட்டு முடிந்த மறுநாள் அந்தக் காரணம் போய்விடுகிறது. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதத்தோடு சேர்ந்து வரும் கற்றல் தடை என்று பெயர் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: திண்ணை, டிவி, அம்மா. அந்த அம்மாவுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

1955-இல் ஆலன் கிளார்க்கும் பியாட்டே ஹெர்மெலினும் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான விடுதியில், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களிடம் சைக்கிள் பம்பு பூட்டும் வேலையைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒன்பது படிகள், வரிசை மாறினால் பம்பு வேலை செய்யாது. அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தொடக்கத்தில் மிக மெதுவாக. ஆனால் தொடக்கத்தில் இருந்த வேகத்துக்கும் கடைசியில் எட்டிய வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதல் நாள் தடுமாற்றத்தைப் பார்த்து ஒருவரின் எல்லையைக் கணிக்கக் கூடாது என்பதை அந்தச் சோதனை காட்டியது. நம் ஊரில் இன்றும் முதல் நாள் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுகிறோம்.

இதை இன்னும் தூரம் கொண்டுபோனவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்ட். அவர் எடுத்துக்கொண்டதும் சைக்கிள்தான்: பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பின்சக்கர பிரேக். 15 பாகங்கள். நன்றாகப் படித்தவர்களே முன்பின் பார்க்காமல் பூட்டத் திணறும் சமாசாரம். நடுத்தரமான, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள 64 பேரிடம் அதைக் கொடுத்தார். பாதிப் பேருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பாகங்கள். மீதிப் பேருக்கு ஒரு சின்ன மாற்றம்: ஒவ்வொரு பாகத்தையும் சரியாக வைக்கும்போது செய்கிறவர் பக்கம் எந்த முகம் திரும்பியிருக்குமோ, அந்த முகத்தில் மட்டும் சாயம் அடித்திருந்தார். சாயம் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் திருப்பிப் போட வேண்டும். சாயம் கிடைத்தவர்கள் வெகு வேகமாகக் கற்றார்கள். சாயம் இல்லாதவர்களும் கற்றார்கள். 64 பேரில் 63 பேர் அந்த பிரேக்கைப் பூட்டிக் காட்டினார்கள். பிறகு 24 பாகங்கள் உள்ள வேறொரு பிரேக்கைக் கொடுத்தபோது, முதலாவதில் பழகிய கை அதற்கும் உதவியது. 1972-இல் வெளியான ஆய்வு இது.

கோல்ட் சொல்லிக்கொடுத்த விதத்தையும் கவனிக்க வேண்டும். அதிகம் பேசமாட்டார். சரியாகச் செய்தால் பாராட்டும் கிடையாது, வேலை தடையில்லாமல் நகர்வதே சரி என்பதற்கு அடையாளம். தப்பானால், ‘வேற மாதிரி செஞ்சு பாருங்க’. அவ்வளவுதான். ஒருவர் தொடர்ந்து ஒரே இடத்தில் சிக்கினால், அந்தப் படியை ஆசிரியர் இன்னும் சிறிதாக உடைக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். கற்பவர்மேல் பழி போடும் வழியையே அடைத்துவிட்டார்.

பேச்சைக் குறைத்ததில் ஆழமான காரணம் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காதால் கேட்டதைச் சில விநாடிகள் மனத்தில் நிறுத்திவைக்கும் திறன் குறைவு. கண்ணால் பார்த்ததை நிறுத்திவைக்கும் திறன் அதைவிட மேலாக இருக்கும். ‘உள்ள போயி, அந்த நீல வாளியில தண்ணி எடுத்து, இங்க ஊத்திட்டு, வாளிய அங்கயே வச்சிரு’ என்று மூச்சுவிடாமல் சொல்கிறோம். நாலாவது சொல் வரும்போது முதல் சொல் கரைந்துபோயிருக்கும். பிறகு, ‘எத்தன தடவ சொல்றது’ என்று கோபப்படுகிறோம். எந்த வழி அடைபட்டிருக்கிறதோ அதே வழியில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் சேர்கிறது. இதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன். 1953-இல் வலிப்புக்காகச் செய்த அறுவையில் மூளையின் ஒரு பகுதி நீக்கப்பட்டதால், புதிய நினைவு எதையும் சேர்த்துவைக்க முடியாமல் போனவர். பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டைப் பின்தொடர்ந்து வரையச் சொன்னார். மறுநாள் வந்தால் முந்தைய நாள் வரைந்தது அவருக்கு ஞாபகமே இருக்காது. கை மட்டும் தேறியிருக்கும். மூன்றாம் நாள் அருமையாக வரைந்தார். ‘என்ன’ என்று சொல்லும் நினைவும் ‘எப்படி’ என்று செய்யும் நினைவும் வேறுவேறு என்பது இதிலிருந்து துலங்கியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சோதித்தவர்கள், செய்து பழகும் இந்த இரண்டாவது நினைவு அவர்களிடம் ஒப்பளவில் நன்றாக இருப்பதைக் கண்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று சொல்லிவிட முடியாது, ஒவ்வொரு குறைபாட்டுக்கும் அதன் தனிக் கோலம் உண்டு. ஆனாலும் வாயால் விளக்க முடியாததைக் கையால் திறம்படச் செய்பவர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

குழித்தட்டுக்கே திரும்புவோம். வழக்கமாக முதல் படியிலிருந்து சொல்லிக்கொடுப்போம். இந்தத் துறையில் பல நேரம் தலைகீழாகப் போகிறார்கள். பயிற்சியாளர் நிரப்பி, மட்டம் செய்து, அழுத்தி, விதையும் போட்டுவிடுவார். மூடுவது மட்டும் கற்பவரின் பங்கு. அது பழகியதும் விதை போடுவதும் மூடுவதும். அப்புறம் அழுத்துவதிலிருந்து. இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தால், ஒவ்வொரு முறையும் கற்பவரின் கையில்தான் தட்டு முடிகிறது. பாதியில் விட்டு எழுந்த அனுபவம் அவருக்கு வருவதே இல்லை. விரல் அதிக ஆழம் போகிறதா? நுனிக்குச் சற்று மேலே ஒரு முட்டுக்கட்டை வைத்த குச்சியைக் கொடுத்துவிடலாம், குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் அது இறங்காது. முடிந்த தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டுமா? சுவரில் பத்தாவது தட்டின் உயரத்தில் ஒரு கோடு போதும்.

இவ்வளவு தெரிந்தும் உலகம் ஒரு தப்பைப் பல ஆண்டுகள் செய்தது. முதலில் பயிற்சி, தேறிய பிறகு வேலை என்று வைத்துக்கொண்டு தனிப் பட்டறைகள் கட்டியது. மெழுகுவர்த்தி, காகித உறை, மணிமாலை. தீபாவளிக்கு ஒரு விற்பனைக் கண்காட்சி. நாற்பது வயதிலும் அவர் ‘பயிற்சி பெறுபவர்’தான். அந்த இடங்களை நடத்துகிறவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஓரிடத்தில் பழகியதை இன்னோரிடத்தில் பயன்படுத்துவதுதான் இவர்களுக்குக் கடினமானது. பயிற்சி மையத்தின் குழாயில் கை கழுவப் பழகியவர், வேறு மாதிரித் திருகு வைத்த குழாயின்முன் திகைத்து நிற்கலாம். அப்படியானால் எந்த இடத்தில் வேலை செய்யப்போகிறாரோ அந்த இடத்திலேயே, அந்தக் குழாயிலேயே, அந்த மேஸ்திரியின் குரலிலேயே பழக்குவதுதான் முறை. அமெரிக்காவில் பால் வேமன் போன்றவர்கள் 1980-களில் இந்த வரிசையை மாற்றினார்கள்: முதலில் வேலையில் சேர்ப்பது, அப்புறம் அங்கேயே கற்பிப்பது. கூடவே ஒரு பணித்துணைவர் நின்று கற்பிப்பார், ஆள் தேறத் தேற மெல்ல விலகுவார். 1984-இலும் 1986-இலும் அந்நாட்டுச் சட்டங்களில் இது ஏறியது.

நம்மிடமும் அடித்தளம் இருந்தது. சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். மெட்ராஸ் பெயரிலேயே இந்தியா முழுக்கச் சிறப்புப் பள்ளிகளில் வழங்கியது அது. சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது, பணம், நேரம், வீட்டுவேலை, தொழில் என்று 18 துறைகள். துறைக்கு 20 வீதம் 360 செயல்கள், எளியதிலிருந்து கடினமானது வரை. எல்லாமே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை, எல்லாமே ‘செய்கிறார்’ என்ற உடன்பாட்டு வடிவில் எழுதப்பட்டவை. அறிவுத்திறன் எண் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினால் பெற்றோர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதினொன்றாவது செயல் வரை வந்திருக்கிறார், அடுத்தது பன்னிரண்டாவது என்று சொன்னால் நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.

திண்டிவனத்துக்கு அருகே குணமங்கலத்தில், 2013-இல் கார்த்திகேயன் தொடங்கிய சிருஷ்டி கிராமத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் இயற்கை விவசாயம் கற்றுச் செய்கிறார்கள். கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை குணமங்கலமும் சின்னசேலமும் விழுப்புரத்துக்குள்தான் இருந்தன. பயிரும் மாடும் அன்றாடம் ஒரே வரிசையில் வேலை கேட்பவை. அந்த ஒழுங்கு இவர்களில் பலருக்கு மிகவும் ஒத்துவரும். குடும்பம் இல்லாதவர்களுக்கு இப்படி ஒரு கிராமம் பெரும் பேறு. அம்மாவும் அண்ணனும் சின்னசேலத்தில் இருக்க, அங்கேயே வாழ விரும்புகிறவருக்கோ வேலை சின்னசேலத்தில்தான் வேண்டும்.

இந்த வட்டாரத்தில் என்ன வேலை இருக்கிறது? குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, மக்காச்சோளம், கரும்பு. மேலே கல்வராயன் மலையில் சாமை, தினை, கடுக்காய். ஒரு முழு வேலையை அப்படியே தூக்கிக் கொடுத்தால் பலருக்குச் சரிவராது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் அரவை எந்திரத்தின் இரைச்சல், ஆட்டிசம் உள்ளவரைக் காதைப் பொத்திக்கொண்டு ஓடவைக்கும். அதே ஆலையின் உலர்களத்தில், திறந்தவெளியில், காய்ந்த ஜவ்வரிசியைக் கூட்டி அள்ளுவது அவருக்கு இதமாக இருக்கலாம். நாலு பேர் அரைகுறையாகப் பகிர்ந்து செய்யும் துண்டு வேலைகளை — மூட்டைக்குச் சாக்கு எடுத்து வைப்பது, தராசுத் தட்டைத் துடைப்பது, சீவிய தோலை வாரிக் கொட்டுவது — ஒன்றாகச் சேர்த்து ஒரு ஆளுக்கு உரிய பணியாகச் செதுக்கலாம். மலையில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. கீழேயிருந்து பணித்துணைவர் போய்வருவதிலேயே பொழுது போய்விடும். அங்கே அதே ஊர் மகளிர் குழுவில் ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பதுதான் நடக்கும் காரியம்.

கிராமங்கள் இவர்களுக்கு வேலையே கொடுத்ததில்லை என்று சொல்ல முடியாது. டீக்கடைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துவருபவர், கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பவர், ஆடு ஓட்டிப்போகிறவர் என்று எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். கொடுக்காதது கூலி. ஒரு டீ, ஒரு பன், ‘பாவம்’ என்ற ஒரு சொல். வேலையை வாங்கும்போது மட்டும் அவர் முழு ஆள். சோறு போடுகிறோமே என்று சொல்லும் சொந்தங்களுக்கும் இதே பதில்தான்: சோறு கூலியாகாது.

இந்த இடத்தில் தமிழக அரசு 2012-இல் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று அரசாணை 52 போட்டது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற பணிகளைத் தனியே பிரித்துக் காட்டியது. செதுக்கிய வேலைக்கும் முழுக் கூலி என்ற கொள்கை அரசாணையில் ஏறியது பெரிய விஷயம். களத்தில் அதைக் கேட்டு வாங்க மாற்றுத்திறனாளி அமைப்புகள் எத்தனையோ போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2016 சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் சின்னசேலத்து இளைஞருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை ஆலை, கடை, நர்சரி, தோட்டம். அந்த வாசல்வரை ஒருவரைக் கூட்டிப்போய், ஒரு மாதமோ இரண்டு மாதமோ கூடவே நிற்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள் சிகிச்சையோடு இந்தப் பணியையும் பெரிதாக எடுத்துக்கொண்டால் வழி பிறக்கும்.

பணித்துணைவர் விலகுவதிலும் கணக்கு உண்டு. எத்தனை முறை கை பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது, எத்தனை முறை சைகை போதுமாக இருந்தது, எத்தனை முறை ஒன்றுமே தேவைப்படவில்லை என்று பணித்துணைவர் தினமும் குறித்துக்கொள்வார். எண்ணிக்கை இறங்க இறங்க இரண்டடி, பத்தடி, வாசல், வாரம் ஒருமுறை என்று தள்ளிப் போவார். அவர் இடத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவோ அண்ணனோ வந்துவிட வேண்டும். பஸ் மாறி வந்தால், விதை வகை மாறினால், மேஸ்திரி மாறினால் பணித்துணைவர் மறுபடி சில நாள் வந்து நிற்பார். இந்த ஆதரவுக்கு முடிவுத் தேதி கிடையாது.

சம்பளம் வந்த பிறகு அந்த மெட்ராஸ் அளவுகோலின் பணம் என்ற துறை உயிர்பெறுகிறது. அட்டையில் வெட்டிய ஐந்து ரூபாயையும் பத்து ரூபாயையும் வைத்துப் பல ஆண்டுகள் வகுப்பில் பழக்கியிருப்பார்கள். இப்போது நிஜ நோட்டு, நிஜக் கடை. சம்பளத்தை முழுதாக வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாமல், வாரத்துக்கு ஒரு தொகையை அவர் கையிலேயே கொடுக்கும்படி வீட்டாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுமாறாமல் இருக்க ஒரே மதிப்புள்ள நோட்டுகளாகக் கொடுத்துத் தொடங்கலாம். பரோட்டாவோ, ரீசார்ஜோ, தங்கைக்கு வளையலோ, எதை வாங்குவதென்று அவரே முடிவு செய்யட்டும். சில வாரம் ஏமாந்தும் வருவார். மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குவது இரண்டு மூன்று முறை ஏமாந்த பிறகுதான் எல்லோருக்கும் பழகியது. அவருக்கும் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.