மூச்சு இரைக்காமல் ஓடப் பழகுங்கள்

தாதர் சிவாஜி பார்க்கிலும் மரைன் டிரைவிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களைப் பார்த்து, "நாமும் ஓடினால் என்ன?" என்று நினைக்கும் மும்பைத் தமிழர்கள் பலர். பகலெல்லாம் நாற்காலியிலும் மீதி நேரம் ரயிலிலும் கழிக்கும் உடம்புக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் முதல் நாளே மூச்சு முட்ட ஓடிவிட்டு, மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில் பயனில்லை.

முதலில் 5 நிமிஷம் வேகமாக நடங்கள். பிறகு 1 நிமிஷம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிஷம் நடை என்று மாறி மாறி 20 நிமிஷம். வாரத்தில் 3 நாள் போதும். இடையே ஒரு நாள் ஓய்வு அவசியம். ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், 9 வாரத்தில் நிற்காமல் 30 நிமிஷம் ஓடலாம் என்பது 1996-ல் அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் வகுத்த கணக்கு. கூடுதல் வாரம் பிடித்தாலும் குற்றமில்லை.

ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். அவசரம் கூடாது என்பது அதனால்தான்.

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நின்று, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊரில் நீங்கள் அனுப்பும் பணத்தை மட்டுமல்ல, உங்களையும் எதிர்பார்த்து ஒரு குடும்பம் இருக்கிறது.