மார்பக ஒப்பனை அறுவையும் நீர்த்தேக்கமும்: டிரானெக்சாமிக் அமிலத்தின் பயனும் எல்லையும்

முன்னுரை

மார்பகக் குறைப்பு, பெருக்கம் முதலிய ஒப்பனை அறுவைகளில் திசுக்கள் பிரிக்கப்படுவதால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அங்கு முதலில் குருதி கலந்த நீரும், பின்னர் அழற்சியாலும் அறுபட்ட நிணநீர் நாளங்களாலும் கசியும் தெளிந்த நீரும் சேர்கின்றன. தெளிந்த நீரின் தேக்கம் ‘சீரோமா’ எனப்படும். டிரானெக்சாமிக் அமிலம் இவற்றுள் எதனைக் குறைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மருந்தின் செயற்பாடு

ஜப்பானிய ஆய்வாளர்களான உதாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ இணையர் 1962இல் இம்மருந்தைப் பற்றி வெளியிட்டனர். குருதி உறையும்போது ஃபைப்ரின் இழைகள் வலைபோலப் பின்னிக் கசிவை அடைக்கின்றன. பிளாஸ்மின் என்னும் நொதி அவ்வலையைக் கரைக்கும். லைசினை ஒத்த இம்மருந்து, பிளாஸ்மினின் முன்வடிவமான பிளாஸ்மினோஜன் ஃபைப்ரினோடு பிணைவதைத் தடுக்கிறது. இதனால் வலை நிலைத்துக் குருதிக் கசிவு குறைகிறது.

ஆய்வுச் சான்று

2015இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வொன்றில், இரு மார்பகங்களிலும் குறைப்பு அறுவை செய்துகொண்ட 28 பெண்களுக்கு ஒரு பக்கக் காயப்பரப்பில் இம்மருந்துக் கரைசலும் மறுபக்கத்தில் உப்புநீரும் இடப்பட்டன. வடிகுழாயில் சேர்ந்த நீரின் இடைநிலை அளவு உப்புநீர்ப் பக்கத்தில் 20.5 மி.லி.; மருந்துப் பக்கத்தில் 12.5 மி.லி. ஒரே உடலில் இரு பக்கங்களும் ஒப்பிடப்பட்டமை இவ்வாய்வின் வலிமை. எனினும் அளக்கப்பட்டது அறுவையை அடுத்து வடிந்த நீரேயன்றிப் பிற்காலச் சீரோமா அன்று.

மருந்தின் எல்லை

நிணநீர்க் கசிவுக்கு ஃபைப்ரின் கரைவது மட்டுமே காரணமன்று. ஆகவே முதல்நாள் நீர் குறைந்தமையைக் கொண்டு சீரோமாவும் குறையும் எனக் கருதுதல் பொருந்தாது. உள்வைப்புப் பொருத்திப் பல ஆண்டுகளுக்குப் பின் தோன்றும் நீர்த்தேக்கமோ முற்றிலும் வேறானது. சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளைச் சூழ்ந்து உருவாகும் அரிய நிணநீர்ப் புற்றின் முதல் அறிகுறியாக அது அமையலாம். 2019 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளை அடுத்து ‘பயோசெல்’ வகை உள்வைப்புகள் உலகளவில் திரும்பப் பெறப்பட்டமைக்கு இப்புற்றே காரணம். அத்தகைய நீரை ஊசியால் எடுத்து, உயிரணுக்களையும் சி.டி.30 என்னும் குறிப்பானையும் ஆய்தல் வேண்டும்.

முடிவுரை

டிரானெக்சாமிக் அமிலம் அறுவையை ஒட்டிய குருதிக் கசிவுக்குரிய மருந்து. காலந்தாழ்ந்து தோன்றும் வீக்கத்தை மருந்தால் வற்றச் செய்ய முயல்வது நோயறிதலைத் தாமதப்படுத்தும். நீர் எவ்வளவு என்பதற்கு முன், அது எப்போது, எதனால் தேங்கியது என்பதே ஆராயத்தக்கது.