மூக்கைத் தாழ்த்தும் பந்து

அமெரிக்கக் கால்பந்தில் உதையைவிட எறிதலுக்குத்தான் மவுசு. இரு முனையும் கூம்பிய அந்தப் பந்து சுமார் 28 செ.மீ. நீளம், எடை 400 கிராமுக்குச் சற்று மேல். 1906 வரை அதை முன்னோக்கி எறிய விதிகள் இடம் தரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக வீரர் பிராட்பரி ராபின்சன் எறிந்ததையே விதிக்குட்பட்ட முதல் முன்னெறிதல் என்கிறார்கள்.

நல்ல எறிதலில், விரல் நுனியிலிருந்து கழலும் பந்து தன் நீள அச்சைச் சுற்றி வினாடிக்குச் சுமார் 10 முறை சுழல்கிறது. மூக்கை உயர்த்தியபடி ஏறி, உச்சியில் கிடையாகி, மூக்கைத் தாழ்த்தியபடி இறங்குகிறது. பார்க்க இயல்பாக இருக்கிறது, யோசித்தால்தான் புதிர். வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சின் திசையை லேசில் மாற்றிக்கொள்ளாது. ஏறும்போது வானத்தைப் பார்த்த மூக்கு, இறங்கும்போதும் வானத்தைத்தானே பார்க்க வேண்டும்?

2020-ல் ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ், திமோதி கே என்ற மூன்று இயற்பியலாளர்கள் இதற்குத் தெளிவான விடை சொன்னார்கள். சாய்ந்து சுழலும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே தள்ளப் பார்க்கிறது; பம்பரமோ விழாமல் தலையை வட்டமாகச் சுற்றுகிறது. பந்தை அப்படித் தள்ளுவது காற்று. புவியீர்ப்பால் பாதை கீழே வளைய வளைய, மூக்கு பாதைக்குச் சற்று மேலே நிற்கிறது. எதிர்க்காற்று அதை இன்னும் மேலே தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. சுழலும் பந்தோ மேலே போகாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. அங்கிருந்து கீழே வருகிறது. இப்படிப் பாதையின் திசையையே சுற்றிச் சுற்றி வருவதால், பாதை வளையும் பக்கமெல்லாம் மூக்கும் கூடவே போகிறது. காற்றே இல்லாத நிலவில் எறிந்தால் மூக்கு கடைசிவரை வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். பந்து வால்முனையில் வந்து விழும். கவிழ்க்க நினைக்கும் காற்றேதான் பந்துக்கு வழியும் காட்டுகிறது. இயற்பியலில் இதைவிட அழகான முரண்கள் அதிகமில்லை என்பேன்.

திமோதி கே நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆட்ட நாள்களில் அரங்கின் ராட்சதத் திரையில் குறும்படங்கள் வழியே ரசிகர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். இன்று அந்த வேலைக்கு மாணவர்களின் கைப்பேசியே போதும். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 சட்டகங்கள்தான். ஒரு சுழற்சிக்கு மூன்றே படம் கிடைக்கும், அது எதற்கும் பற்றாது. ஸ்லோமோஷனில் 240 வைத்தால் 24 படம். எறிபவரின் முதுகுக்குப் பின்னால் நின்று எடுக்க வேண்டும். பந்தின் மேலுள்ள வெள்ளைத் தையல் கடிகார முள் போல் ஒவ்வொரு படத்திலும் 15 பாகை நகர்வதை எண்ணிவிடலாம்.

எறிதல் கொஞ்சம் பிசகினால் இன்னும் நல்லது. அப்போது பந்தின் வால் குலுங்குவது தெரியும்; ஐந்து சுழற்சிக்கு ஏறத்தாழ மூன்று குலுக்கல். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் இந்த விகிதம் மாறுவதில்லை, பந்தின் வடிவமும் எடைப் பரவலும் தீர்மானிப்பது அது. அடுத்து ஒரு வலக்கைக்காரரையும் இடக்கைக்காரரையும் நீளமாக எறியச் சொல்லிப் படமெடுக்க வேண்டும். காற்றடிக்காத நாளில், முதலாமவரின் பந்து சற்று வலப்புறமும், எதிர்த்திசையில் சுழலும் மற்றவரின் பந்து இடப்புறமும் ஒதுங்கும். மூக்கு திரும்பி நிற்கும் பக்கம் காற்று பந்தைத் தள்ளிவிடுகிறது.