அத்தை கேட்ட தோட்டம்

மே மாதம் தமிழ்நாட்டில் கோடை விடுமுறை. துறையூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து அத்தை, அவர் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் முதல் இரண்டு நாளில் முடிந்தன. மூன்றாம் நாள் கோல சிலாங்கூர். காலையில் புக்கிட் மெலாவாத்தி, மதியம் பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பாடு, பிறகு செகிஞ்சான் நெல்வயல், இரவு கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி. விருந்தினர் வந்தால் நம்மில் பலரும் போடும் அதே திட்டம்தான்.

முதல் நாள் இரவு அத்தை பையிலிருந்து ஒரு பழைய நீலக் கடிதத்தை எடுத்தார். அனுப்புநர் முகவரியில் ஒரு தோட்டத்தின் பெயர். அதன் கீழே ‘பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்’.

“எங்கப்பா இருந்த எடம் தம்பி. நீ போற வழியில வருமா?”

அத்தை என் தாத்தாவின் அண்ணன் மகள். பெரிய தாத்தா போருக்கு முன்பே மலாயா வந்தவர். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, பெண் பிறந்து, 1953இல் மறுபடி கப்பல் ஏறினார். அப்போது அத்தைக்கு இரண்டு வயது. 1967இல் பெரிய தாத்தா தோட்டத்திலேயே இறந்தார். இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ஊருக்குப் போகவில்லை.

“மணியார்டர் வரும், கடுதாசி வரும். ஆள் மட்டும் வரல. எங்கள மறந்துட்டாருன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு,” என்றார்.

மறுநாள் புக்கிட் மெலாவாத்தியில் பிள்ளைகள் குரங்குகளை விட்டு நகரவில்லை. சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாதுவானவை, தோளில்கூட ஏறி உட்காரும். அவற்றின் குட்டிகள் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறும். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, பீரங்கிகள், 1907இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அத்தை கலங்கரை விளக்கத்தின் அருகே நின்றுவிட்டார்.

“எங்கப்பா வந்த கப்பல் இந்தப் பக்கமா போயிருக்குமா?”

நான் அதுவரை யோசித்திராத கேள்வி. ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்து, மலாக்கா நீரிணை வழியாகத் தெற்கே போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போகும். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. கோல சிலாங்கூர்க் கரையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். “போயிருக்கும் அத்தை. ராத்திரியில் வந்திருந்தால் இந்த விளக்கைப் பார்த்திருக்கவும் கூடும்,” என்றேன். அதன் பிறகு அவர் கீழே இறங்க அவசரப்படவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் செகிஞ்சானை விட்டுவிடலாமா என்று கேட்டேன். “நெல்லு நம்ம ஊர்லயே இருக்கே தம்பி,” என்று அத்தை சிரித்தார். வேனை பெஸ்தாரி ஜெயா பக்கம் திருப்பினோம். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெயர் மாறி பெஸ்தாரி ஜெயா ஆனது. இன்றைய பெயர்ப் பலகைகளை மட்டும் நம்பி வந்தால், கையில் கடிதம் இருந்தும் அத்தையால் இந்த ஊரைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

வழியெல்லாம் செம்பனை. மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் அவர் எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் பெயரைத் தேடினால் விவரம் கொட்டுகிறது. அதே மண்ணில் காடு வெட்டிப் பால் மரம் சீவியவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவர்களின் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் எட்டு வயது வரை வளர்ந்த தோட்டம் அது. காவலாளியிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி உள்ளே போனோம். பால் மரம் ஒன்றுகூட இல்லை. லயத்து வீடுகள் நின்ற இடம், பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை எல்லாமே செம்பனைக்குள் போய்விட்டன. “அப்பா, இங்கேயா இருந்தீங்க?” என்று என் மகள் கேட்டாள். பன்னிரண்டு வயதாகிறது, ஒருமுறைகூட நான் அவளை இங்கே கூட்டி வந்ததில்லை.

“சமாதி எங்க இருக்கு தம்பி?” என்று அத்தை கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்த என் அப்பா மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். சுடுகாட்டுப் பக்கம் போனோம். முழங்கால் உயரப் புல். எழுத்து அழிந்த சில கற்கள், பெயரே இல்லாத மேடுகள் பல. எதைக் காட்டி இதுதான் என்று சொல்வது? அத்தை பொதுவாக ஓரிடத்தில் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்பாவோடு எத்தனை தடவை இந்தச் சாலையில் வந்திருக்கிறேன். ஒருநாள் இறங்கிக் கேட்டிருந்தால் போதும்.

மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. பூசாரி நடை திறந்து தீபாராதனை காட்டினார். அத்தையின் பேத்திதான் சுவரில் பதித்திருந்த சலவைக்கல்லைப் படிக்க ஆரம்பித்தாள். 1962 திருப்பணி நன்கொடையாளர் பட்டியல். எல்லாம் தமிழில், ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக் கணக்கு. திடீரென்று, “ஆயா, நம்ம ஊரு பேரு!” என்று கத்தினாள்.

பெரிய தாத்தாவின் பெயர். அதற்கு முன்னால் எங்கள் கிராமத்தின் பெயர். எதிரே, 5 வெள்ளி.

அத்தை விரலால் அந்த எழுத்துகளைத் தடவினார். “ஊர் பேரப் போட்டிருக்காரு பாரு,” என்று மகனிடம் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஏன் போகவில்லை என்பதற்கு அந்தக் கல்லில் பதில் இல்லை. 1953இல் மலாயாவின் குடிநுழைவு விதிகள் இறுகிய பிறகு, ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயம் தோட்டத்தில் பலருக்கு இருந்ததாகத் தாத்தா சொல்லுவார். வேறு காரணமும் இருந்திருக்கலாம். மறந்துவிட்டார் என்பது மட்டும் சரியில்லை என்று அத்தைக்குப் பட்டிருக்க வேண்டும்.

இரவு கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறினோம். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு ஒலி இல்லை. ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கின. “தீபாவளி மாதிரி இருக்கு,” என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். இதைப் பார்க்க அமாவாசையை ஒட்டி வருவது நல்லது. நிலவு இருந்தால் மினுக்கல் மங்கிவிடும். கடல் நடுவே மணல் திட்டு கண்ணாடி போல் வானத்தைக் காட்டும் ‘ஸ்கை மிரர்’ பார்ப்பதற்கும் அந்த நாட்கள் பொருந்தும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும்.

உங்கள் வீட்டுக்கும் ஊரிலிருந்து உறவினர் வருவார்கள். மின்மினியும் மீன் சாப்பாடும் கட்டாயம் இருக்கட்டும். கூடவே அரை நாளைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தின் பழைய பெயர், லயம் இருந்த பக்கம், சமாதி இருக்கும் இடம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கோயில் திருவிழா அன்று போனால் இன்னும் நல்லது. வெளியேறிய குடும்பங்கள் அன்றுதான் திரும்பி வரும், கேட்க ஆள் கிடைக்கும்.

அத்தை ஊர் திரும்பிய மறுவாரம், பந்திங்கில் இருக்கும் என் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு எழுபத்தொன்று வயது. “சமாதிதானே? பெரிய மாமரத்துக்குப் பின்னால மூணாவது. வா, காட்டுறேன்,” என்றார். மாமரம் இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.