வெயிலில் நீளும் பைப்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டை சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். அதைத் தீயில் போட்டுச் சூடாக்குவார்கள். சூட்டில் பட்டை விரியும். உடனே சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மின்சார வயர் போகும் பி.வி.சி. பைப்பும் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். இரும்பைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாகவே நீளும்.

டெல்லியை எடுத்துக்கொள்வோம். மே, ஜூன் மாதங்களில் அங்கே பகல் வெப்பம் 45 டிகிரி வரை போகும். ஜனவரி மாத விடியற்காலையில் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். வித்தியாசம் 40 டிகிரி. மொட்டை மாடிச் சுவரில் 10 மீட்டர் நீளத்துக்கு நேராக ஒரு பைப் ஓடுகிறது என்றால், அது கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். ஒரு அங்குலத்துக்கும் கூடுதல்! நேர் வெயிலில் இருக்கும் பைப் காற்றைவிட அதிகமாகச் சுடும். அப்போது இன்னும் கொஞ்சம் நீளும்.

நீள இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பைப் வில்லைப் போல் வளையும். சுவரில் அடித்த கிளிப்புகள் பிடுங்கிக்கொண்டு வரும். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு. பைப் சுருங்கி, பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இடைவெளியில் வயர் வெளியே தெரியும். வெயில் பட்டுப் பட்டு வயரின் மேலுறை வெடிக்கும். மழைநீர் பைப்புக்குள் இறங்கும். ஈரச் சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம்.

இதற்கு வழி உண்டு. நீளம் கூடிக் குறைய இடம் தரும் நீளமான கப்ளிங் கடையில் கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தில் பைப்பைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். மறுபக்கத்தில் பசை கூடாது. அந்தப் பக்கத்துப் பைப் உள்ளே போய் வர வேண்டும். கிளிப்பையும் பைப் நகரும் அளவுக்கே பிடிக்க வைக்க வேண்டும். இறுக்கி முடுக்கிவிட்டால் கப்ளிங் போட்டும் பயன் இல்லை.

எவ்வளவு இடைவெளி விடுவது? வேலை செய்யும் நாளைப் பொறுத்தது அது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஜனவரிக் குளிரில் மாட்டினால் பைப் சுருங்கி இருக்கும். இனி அது நீளத்தான் போகிறது. ஆகவே கப்ளிங்கின் உள்ளே முழு 3 சென்டிமீட்டரும், அதற்கு மேல் சிறிதும் இடம் விடுங்கள். மே மாத உச்சி வெயிலில் மாட்டினால் பைப் ஏற்கெனவே நீண்டிருக்கும். அப்போது அதைக் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே தள்ளிவிடலாம். இரண்டுக்கும் நடுவான நாள் என்றால் பாதி இடம் போதும். உள்ளே ஓடும் வயரையும் விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. சற்றுத் தொய்வாக விட வேண்டும்.

சுவருக்குள் புதைத்துப் பூசிய பைப்புக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே வெயில் நேராகப் படாது. பூச்சும் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டு மாடியில் பைப் வளைந்திருக்கிறதா? பெட்டியை விட்டுக் கழன்று வயர் தெரிகிறதா? அதைக் கையால் தள்ளிச் சேர்க்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.