கல்லு நகருமா? பவளத்தின் ரகசிய நடமாட்டம்: பேராவூரணி கடலோரத்திலிருந்து பாம்பன் வரை

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் திரும்பும் பேராவூரணிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், துளைத்துளையாக, வெள்ளையாக ஒரு கல் ஷோகேஸில் இருந்த காலம் உண்டு. "கடல் கல்லு" என்பார்கள். குழந்தைகள் கேட்டால், "பவளம்டா, கடல்ல முளைக்கும்" என்று பதில் வரும். கல் என்பதும் முளைப்பது என்பதும் பாதி பாதி உண்மைதான். அந்தக் கல் ஒரு விலங்குக் கூட்டம் கட்டி வாழ்ந்த வீடு. விலங்கு செத்துப்போனது, வீடு மட்டும் ஷோகேஸுக்கு வந்துவிட்டது.

உயிரோடு இருக்கும்போது அது சும்மா இருப்பதில்லை. நீட்டும், சுருங்கும், வேட்டையாடும், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடும். சில வகைகள் நடக்கவே செய்யும்.

நம்ம கடலில் ஏன் பவளப்பாறை இல்லை?

பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரத்துக்கு பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே இருப்பதும் பாக் நீரிணைப் பக்கத்து அதே கடல்தான். ஆனால் மல்லிப்பட்டினத்திலோ மனோராவிலோ இறங்கினால் காலில் படுவது சேறும் கடற்புல்லும். அக்னியாறு, அம்புலியாறு போன்றவை கொண்டுவந்து கொட்டும் வண்டல் இந்தக் கரையில் படிகிறது. கடல் பசுக்கள் மேய்வது இந்தப் புல்வெளியில்தான். அதனால்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

பாறை கட்டும் பவளத்துக்கு வேண்டியது வேறு. பிடித்துக்கொள்ளக் கெட்டியான தரையும், வெயில் இறங்கும் தெளிந்த தண்ணீரும் வேண்டும். தெற்கே மண்டபம், பாம்பன் பக்கம் அது கிடைக்கிறது. அங்கே கரையை ஒட்டி 25 முதல் 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு ஓடுகிறது. அகலம் பெரும்பாலும் 200 மீட்டருக்குள்தான். அதற்கும் தெற்கே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடி வரைக்கும் தீவுகளைச் சுற்றி இன்னும் பெரிய திட்டுகள் உள்ளன.

பகலில் கல், ராத்திரியில் பூ

பவளத்தின் அடிப்படை அலகு 'பாலிப்'. சின்ன பை போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். மூளை கிடையாது, உடல் முழுக்க வலை போல நரம்புகள் மட்டும் உண்டு. உடலுக்குள் கடல்தண்ணீரை நிரப்பிக்கொண்டால் பாலிப் விரியும். தசையை இறுக்கித் தண்ணீரை வெளியேற்றினால் சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் ஒடுங்கிவிடும். விரிய நேரம் எடுக்கும். ஒடுங்குவதற்குத் தொட்டால் போதும், நொடிக்கணக்கு.

பல வகைகள் பகலில் மூடிக் கிடக்கும். இருட்டினால் மிதவை உயிரிகள் மேலே வரும், பவளமும் விரியும். ஒவ்வொரு உணர்கொம்பிலும் கொட்டும் செல்கள் இருக்கின்றன. பகல் சாப்பாடு வேறு வழியில் வருகிறது. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலை வைத்துச் சமைத்துக் கொடுக்கும், பவளம் அதற்கு இடம் கொடுக்கும். வாடகை ஒப்பந்தம் மாதிரிதான். இந்த ஒப்பந்தம் முறியும்போது என்ன ஆகிறது என்பது பின்னால் வரும்.

சண்டை நடப்பதும் பெரும்பாலும் ராத்திரியில்தான். பக்கத்தில் வேறு இனம் இடத்தைப் பிடித்தால், சில பவளங்கள் தங்கள் குடல் இழைகளையே வெளியே தள்ளி எதிரியின் சதையைச் செரித்துவிடும். வேறு சில, வழக்கமானதைவிடப் பல மடங்கு நீளமான தாக்கும் கொம்புகளை வளர்த்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில் உள்ள 'கேலக்சியா' இதில் கெட்டிக்காரன். வெளிநாடுகளில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் கேலக்சியாவைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுவதற்கு இதுதான் காரணம். சாயங்காலம் அழகாக அடுக்கிவிட்டுத் தூங்கினால், காலையில் பக்கத்துப் பவளம் வெள்ளை எலும்பாக நிற்கும்.

நடக்கும் பவளம்

காளான் பவளம் என்று ஒரு வகை. அந்தமான் கடலில் உண்டு. தட்டு போல ஒற்றையாக, எதிலும் ஒட்டாமல் மணலில் கிடக்கும். மணல் மூடினாலோ அலை கவிழ்த்தாலோ, சதையை ஊதிப் பெரிதாக்கி மணலை உதறி மணிக்கணக்கில் நிமிர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ஒரு வகையைத் தொட்டியில் வைத்து, இடைவெளி விட்டுத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். 2025-ல் வெளியான அந்த ஆய்வில், உடலை ஊதுவதும் சுருக்குவதுமாக அது ஜெல்லிமீன் பாணியில் உந்தி உந்தி நகர்வது தெரிந்தது. நீல வெளிச்சம் இருந்த பக்கம் பெரும்பாலானவை போயின. வெள்ளை வெளிச்சத்துக்கு அந்த மவுசு இல்லை. ஆழக் கடலில் மிஞ்சுவது நீல ஒளிதான் என்பதை நினைத்தால் ஆச்சரியம் குறையும்.

இன்னொரு வகைக்குத் தானே நகரும் சிரமம்கூட இல்லை. 'ஹெட்டிரோசயாத்தஸ்', 'ஹெட்டிரோப்சாமியா' என்ற பட்டாணி அளவுத் தனிப்பவளங்கள் மணலிலும் சேற்றிலும் வாழும். அடியில் ஒரு புழு குடியிருக்கும். புழு நகரும்போது பவளத்தையும் இழுத்துக்கொண்டு போகும், புதைந்தால் தூக்கிவிடும். பதிலுக்குப் புழுவுக்கு, தன்னோடு சேர்ந்தே வளரும் வீடு. 1902-ல் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய இலங்கை வந்த ஹெர்ட்மன் சேகரித்த தனிப்பவளங்களைப் பற்றி, போர்ன் என்பவர் 1905-ல் அறிக்கை எழுதினார். இந்தச் சோடி அதில் இருக்கிறது. 2017-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இன்னொரு செய்தி சொன்னார்கள்: அமாமி தீவுகள் பக்கம் புழுவின் இடத்தில் ஒரு துறவி நண்டு குடியிருந்து இதே இழுவை வேலையைச் செய்கிறதாம்.

ஓட முடியாத இடம்

பாறை கட்டும் பெரும்பாலான பவளங்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு பயணம்தான். மன்னார் வளைகுடாவில் மார்ச் மாதத்தை ஒட்டி அக்ரோபோரா இனங்கள் முட்டையும் விந்தும் விடும். அதிலிருந்து வரும் கண்ணுக்கு எட்டாத குஞ்சு நீந்தி, இடம் பார்த்து ஒட்டும். ஒட்டியபின் நகர்வு முடிந்தது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலா வெளிச்சத்தையும் பருவ வெப்பத்தையும் தொட்டிக்குள் அப்படியே நடித்துக் காட்டித்தான் பவளத்தை முட்டையிட வைத்தார்கள்.

அதனால் தண்ணீர் சூடேறினால் போக்கிடம் இல்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே ஒப்பந்தம் முறிகிறது. நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும். நம் பக்கத்தில் 1998, 2010, 2016 மோசமான ஆண்டுகள். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. சில இனங்களில், நிலைமை கைமீறினால் பாலிப்புகள் கட்டிய வீட்டை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் பிரிந்து மிதந்து போவதை ஆய்வுத் தொட்டிகளில் பார்த்திருக்கிறார்கள். பிழைப்பவை கொஞ்சம்தான்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், 2002-லிருந்து பவளத் துண்டுகளைக் கான்கிரீட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நடுகிறது. சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததில் அழிந்த திட்டுகளும் அந்தப் பகுதியில் உண்டு.

வீட்டுத் தொட்டியில் வைக்கலாமா?

யூடியூபில் நீல விளக்கில் ஆடும் பவளத்தைப் பார்த்து, "நமக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று மீன் கடைகளில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாறை கட்டும் பவளம் அத்தனையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. கடலிலிருந்து எடுத்தாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிரில்லாத துண்டுக்கும் சட்டம் பொருந்தும். ராமேஸ்வரம் கரையில் குனிந்து எடுக்கும் அந்த வெள்ளைக் கல்லும் இதில் சேர்த்தி.