தீவனத்தில் மறைந்துறையும் நோய்க்கிருமி

கோழிக்கு இடும் தீவனம் மனிதனை நோயில் வீழ்த்துமோ என ஐயுறுவோர் உளர். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் பலருக்குக் குடல்நோய் கண்டது. அதன் மூலத்தை நாடிய ஆராய்ச்சியாளர், உணவகத்திலிருந்து கோழிப் பண்ணைக்கும், பண்ணையிலிருந்து தீவனத்திற்கும், தீவனத்திலிருந்து பெரு நாட்டு மீன்தூளுக்கும் சென்று சேர்ந்தனர். நோய்க்குக் காரணம் சால்மொனெல்லா அகோனா என்னும் பாக்டீரியா.

உலர்ந்த தீவனத்தில் இக்கிருமி பெருகுவதில்லை. ஆயினும் மடியாமல் பல மாதம் கிடக்கும். ஆலையின் வெப்பம் இதனைக் கொல்லும். ஆனால், வெந்த தீவனம் குளிரும்போதும், நாய் உணவின்மீது சுவைக்காகக் கொழுப்பைத் தெளிக்கும்போதும் கிருமி மீண்டும் புகக்கூடும். 2012இல் உலர்ந்த நாய் உணவின் வழியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 பேர் நோயுற்றனர். கிருமியைத் தாங்கிய நாய் நோய்க்குறி காட்டாமலும் இருக்கலாம். உணவெடுத்து வைத்த கையே நோய்க்கு வழியாகிவிடும்.

பழைய சோதனை முறை யாது? 25 கிராம் தீவனத்தை ஊட்டநீரில் ஓரிரவு வைத்துக் கிருமியைத் தேற்றுவர். பின்னர்ப் பிற கிருமிகளை அடக்கும் நீர்மத்தில் வளர்த்து, தட்டில் பரப்பி, இனம் காண்பர். முடிவு தெரிய நான்கைந்து நாள் ஆகும். அதற்குள் தீவனம் கிடங்கைவிட்டுப் போய்விடலாம்.

இக்காலத் தாழ்வைக் குறைப்பதே விரைவுச் சோதனை. கேரி மல்லிஸ் 1983இல் கண்ட பி.சி.ஆர். முறை, கிருமிக்கே உரிய மரபணுத் துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும்! எனவே ஓரிரு நாளில் விடை கிடைக்கிறது.

எனினும், முதல் இரவின் வளர்ப்பை இம்முறையும் விலக்குவதில்லை. தீவனத்தில் உள்ள கிருமிகள் சிலவே. அவையும் வறட்சியால் நலிந்தவை. மேலும், மரபணு மட்டும் இருப்பது கிருமி உயிரோடிருப்பதற்குச் சான்றாகாது. இறந்த கிருமியிலும் மரபணு எஞ்சும். அதனால், 'உண்டு' என வந்த விடையைப் பழைய முறையால் மீண்டும் உறுதி செய்கின்றனர்.

'இல்லை' என்னும் விடையிலும் எச்சரிக்கை வேண்டும். கிருமி தீவனமெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு பிடியில் இல்லாதது அடுத்த பிடியில் இருக்கலாம். ஆகையால் பல இடங்களிலிருந்து மாதிரி எடுப்பதும், ஆலையின் தூசியைச் சோதிப்பதும், ஈரம் புகாமல் காப்பதும் இன்றியமையாதவை. சோதனை கிருமியைக் காட்டும். அதனைப் போக்குவது தூய்மையே.